ஆறு பாட்டிலும் சுத்தம்

1933 ஜனவரி 18, புதன்

நல்ல பனி. ஆம்பூர் ஸ்டேஷன் சிக்னல்கூடத் தெரியலை. ஸ்டவ் மக்கர் பண்ணியது, காபி இல்லாமலே கிளம்பினேன். செருப்பு வார் மறுபடி அறுந்தது. தைக்கக் கொடுக்கணும்.

புதன்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக். தோல் பதனிடுகிற ஷாப்பின் முதலாளி சாயபு ஒழித்துக் கொடுத்த ஆவாரம்பட்டைக் கிடங்கில். மேசை ஒன்று, பெஞ்சு ஒன்று, நடுவில் திரை. பட்டை வாசனைக்குப் பின்னாலேயே தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி நாற்றம். மூக்கு பழகியாச்சு. புடவையில் ஏறினால்தான் போக மாட்டேன் என்கிறது.

வந்தவர்கள் ஆறு பேர். எல்லாரும் ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டுக்காரர்கள், பட்டை இடிக்கிறவர்கள்.

இன்னிக்குத்தான் முதல் தடவையாக பாட்டில். போன வாரம் ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் கொடுத்து, காலையில் போகிற முதல் நீரைப் பிடித்து வரச் சொல்லியிருந்தேன். அன்னிக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. "இதுல இன்னா நர்சம்மா பாப்பீங்க, ஆம்பளப் புள்ளயா பொண்ணான்னா?" இல்லை. வேலூர் டாக்டரம்மா உத்தரவு. நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, ரெண்டு சொட்டு ஆசிட் விட வேண்டும். தெளிவாக இருந்தால் சரி. வெள்ளையாகக் கலங்கினால் ஆல்புமின். கவனிக்காமல் விட்டால் வீக்கம், தலைவலி, கடைசியில் ஜன்னி கண்டு வலிப்பு. பிள்ளை போய்விடும். தாயும் போகலாம்.

ராஜம்மா (மாசம் 8) நீர் பளிங்கு. குழாயைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "பாத்துக்குங்க, நீருன்னா இப்படி இருக்கணும்." அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, மெடல் குத்திவிட்ட மாதிரி.

குப்பு (இவளுக்கும் 8) நீர் கலங்கல். அவள் கிளினிக் கார்டில் சிவப்பு மசியால் ஒரு கோடு போட்டேன். உப்பை நிறுத்து, பட்டை இடிக்கிறதை நிறுத்து, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் படுக்க வைத்துவிடுவேன் என்றேன். அவள் நான் சொன்னது எதையும் கேட்கலை, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு நர்சம்மா செவப்பு?"

"கெட்ட நீருன்னா செவப்பு."

இருபத்திரண்டு வயசு, ஒல்லி. முன்னால் ரெண்டு. ரெண்டும் ஒன்பதாம் மாசத்தில் போய்விட்டன. இது மூன்றாவது.

இன்னும் ரெண்டு பேருக்கு லேசான கலங்கல். அவர்களுக்கும் சிவப்பு.

ஜனவரி 22, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து வரும்போது குப்புவின் மாமியார் வழியில் பிடித்துக்கொண்டாள். கர்ப்பிணியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரை மணி நேரம் எனக்குப் பாடம். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்:

- பப்பாளி, எள்ளு, கூடவே கூடாது.
- கம்மியாச் சாப்பிடணும். ஜாஸ்தி தின்னா புள்ள பெருத்துப் போயி வெளியே வராது.
- சாம்பல் தின்னணும்னு ஆசை வந்தா தின்னலாம்.
- கால் வீங்கினா நல்லது. நீர் எறங்குதுன்னு அர்த்தம்.
- கேக்கறவங்ககிட்ட "நல்லா இருக்கேன்"னு சொல்லக் கூடாது. கண்ணு பட்டுடும்.

என்னுடைய லிஸ்ட்: பாட்டில். கார்டு. உப்பு கம்மி. பால். வாரம் தவறாமல் கிளினிக். அவள் லிஸ்டைவிடச் சின்னது. மனசுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

ஜனவரி 25, புதன்

ஆறு பாட்டிலும் சுத்தம். குப்புவுடையதும்.

நம்ப முடியாமல் ரெண்டாம் தடவை காய்ச்சினேன். பளிங்கு. உப்பை நிறுத்தி ஒரே வாரம். பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் என்று போட்டிருக்காது. குப்புவின் கார்டில் சிவப்புக்குப் பக்கத்தில் நீலத்தில் "சரி" என்று எழுதினேன். அதை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டாள். மற்ற ரெண்டு பேரும் அப்படியே.

டாக்டரம்மாவுக்கு இன்னிக்கே கடிதம் எழுதியாச்சு. கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதினேன். ஏன் எழுதக் கூடாது?

கிடங்குக்குள் ஆடு புகுந்து ஒரு கார்டின் மூலையைத் தின்றுவிட்டது.

பிப்ரவரி 1, புதன்

ஆறும் சுத்தம்.

குப்புவுக்குக் கால் வீக்கம். மெட்டி கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு நான்தான் கழற்றினேன். விரலில் மெட்டி இருந்த இடம் ஆழமாகப் பதிந்திருந்தது. மாமியார் கூட வந்திருந்தாள். "நான் சொன்னேனே, நீர் எறங்குது." கொஞ்சம் யோசித்தேன். பாட்டில் சுத்தமாக இருக்கிறதே. நின்றுகொண்டே வேலை பார்க்கிறாளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதனால்தான் என்று முடிவு பண்ணினேன். காலைத் தூக்கி வைத்துப் படு என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 8, புதன்

ஆறும் சுத்தம். டாக்டரம்மா கடிதம் வந்தது. ஆம்பூர் லைனில் நடப்பதை மற்ற நர்சுகளும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மார்ச்சில் வேலூர் வந்து எல்லாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டுமாம். "சாராள், உன் வேலையைப் பார்த்து சந்தோஷப்படுகிறேன்" என்று ஒரு வரி. நாலு தடவை படித்தேன்.

ஆற்காட்டிலிருந்து தங்கச்சி மக்கன் பேடா அனுப்பியிருக்கிறாள். வழியிலேயே நசுங்கி, காகிதத்தோடு ஒட்டிப் போச்சு. சுரண்டித் தின்றேன்.

வேலூர் போக எந்தப் புடவை? நீலக் கரையா, பச்சையா?

பிப்ரவரி 15, புதன்

ஆறும் சுத்தம். ஆனால் மனசு சரியில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன்.

குப்பு முகம் உப்பியிருந்தது. ரெண்டு நாளாகத் தலைவலியாம். "கண்ணு முன்னால பொறி பொறியா பறக்குது நர்சம்மா." இதையெல்லாம் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பாட்டிலை மறுபடி எடுத்துக் காய்ச்சினேன். பளிங்கு. உப்புத் தின்கிறாயா என்றேன். இல்லை. தூங்குகிறாயா? தூக்கம் வரவில்லை. எனக்கு எரிச்சல். பின்னால் அஞ்சு பேர் காத்திருக்கிறார்கள், வெயில் ஏறுகிறது. "இந்தா பாரு, உன் நீரு பளிச்சுன்னு இருக்கு. உனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு போச்சேன்னு பயந்து பயந்து நீயே உடம்பக் கெடுத்துக்காத."

என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். ராஜம்மாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். தைலம் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 23, வியாழன். வேலூர்

நேற்று எழுத முடியலை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று புதன். ஒன்பது மணிக்கே வெயில். ராஜம்மா வளைகாப்பு முடித்துத் திங்கட்கிழமையே குடியாத்தத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கிளினிக்குக்கு வந்தது நாலே பேர். பாட்டில் ஒன்றுகூட இல்லை.

முதல் ஆள்: பூனை தட்டி உட்டுடுச்சு. ரெண்டாம் ஆள்: கை தவறிப் போச்சு. மூன்றாம் ஆள்: எங்க வூட்லயும் பூனதான். எனக்கு வந்தது பாரு கோபம். "ஊர்ப் பூனைக்கெல்லாம் உங்க பாட்டில் மேலதான் கண்ணா?" என்று கத்தினேன். யாரும் சிரிக்கலை. ஓரத்தில் இருந்த அஞ்சலை, பதினேழு வயசு, தலைப்பிள்ளைக்காரி, அவள்தான் சொன்னாள்.

"ராஜம்மாக்காதான் ஊர்ல இல்லியே நர்சம்மா. யாராண்ட போயி வாங்குறது?"

பக்கத்தில் இருந்தவள் அவள் விலாவில் இடித்தாள். எனக்குப் புரியலை. "என்னத்த வாங்குறது?"

"நல்ல நீரு."

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் வாரம் நான் ராஜம்மா நீரைத் தூக்கிக் காட்டினேன் இல்லையா. நல்ல நீர் இதுதான், நர்சம்மாவுக்கு வேண்டியது இதுதான் என்று ஆகிவிட்டது. குப்பு அழுதுகொண்டே ராஜம்மா வீட்டுக்குப் போய், சிவப்புக் கோட்டை அழிக்க வேண்டும், உன் நீரில் கொஞ்சம் கொடு என்று கேட்டிருக்கிறாள். பாவம் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். அது தெரிந்து மற்றவர்களும். புதன்கிழமை விடியற்காலையில் ராஜம்மா வீட்டு வாசலில் அஞ்சு பேர் பாட்டிலோடு வரிசை. "அக்கா முகமே சுளிக்காது நர்சம்மா. எல்லாருக்கும் பத்தணும்னு சொம்பு சொம்பா தண்ணி குடிக்கும்." இதை ஒரு நல்ல காரியமாகவே சொல்கிறாள் அஞ்சலை.

நாலு வாரமாக நான் ஒரே பொம்பளையின் நீரை ஆறு குழாயில் காய்ச்சியிருக்கிறேன்.

குப்பு எங்கே என்று கேட்டேன். "தலவலி ஜாஸ்தின்னு படுத்துக்கினு இருக்கா. கண்ணு இருட்டுதாம்."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் செருப்பை உதறிவிட்டேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பினால் கண் இருக்கிற இடமே தெரியாத அளவுக்கு வீக்கம். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இதைச் செய்ய அரை நிமிஷம்கூட ஆகாது. இத்தனை வாரத்தில் ஒரு தடவை செய்யலை நான்.

மாமியாரை விட்டு நீர் பிடிக்கச் சொன்னேன். கொஞ்சம்தான் வந்தது, டீத்தண்ணி நிறம். அவர்கள் வீட்டு அடுப்பு நெருப்பிலேயே குழாயைக் காட்டினேன். ஆசிட்கூட விடலை. அவித்த முட்டை வெள்ளை மாதிரி கெட்டியாக நின்றது. மாமியார் எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, இவ ஒடம்புலேர்ந்தா வந்தது?"

குப்பு அந்த வீங்கின கண்ணைத் திறக்கப் பார்த்தாள். "கார்டுல செவப்பு போட்ருவீங்களா நர்சம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அழுது என்ன ஆகப் போகிறது. இல்லை, போட மாட்டேன், கிளம்பு என்றேன். மாமியார் தகராறு பண்ணுவாள் என்று பயந்தேன். அவள்தான் முதலில் எழுந்து பாயைச் சுருட்டினாள். "நான் நல்லதுன்னு சொன்னேன். நீயும் நல்லதுன்ன. ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னமே. கூட்டிக்கினு போம்மா."

ஷாப்பு வாசலில் மதராசுக்குத் தோல் ஏற்றிக்கொண்டிருந்த லாரி. சாயபுவிடம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவர் ரெண்டாவது கேள்வி கேட்கலை. "தோலு நாளைக்குப் போவும். இத மொதல்ல கொண்டுபோ" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, பாதி சரக்கை இறக்கச் சொன்னார். மீதித் தோல் மேலே சாக்கு விரித்துக் குப்புவைப் படுக்க வைத்தோம். புருஷன் சின்னப்பன் சுண்ணாம்புக் குழியிலிருந்து அப்படியே வந்து ஏறினான், கையெல்லாம் வெள்ளை. அவள் தலையைத் தொடப் போனவன், கையைப் பார்த்துவிட்டு, முழங்கையால் தாங்கிக்கொண்டான்.

பள்ளிகொண்டா கோபுரம் தெரிகிற இடத்தில் ஜன்னி வந்தது. முதலில் வாய் கோணிக்கொண்டது, அப்புறம் உடம்பு முழுக்க. துணி சுற்றின கரண்டியைப் பல்லுக்கு நடுவில் வைத்து, ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். சின்னப்பன் "பெருமாளே பெருமாளே" என்கிறான். நான் "ஏசப்பா" என்கிறேன். டிரைவர் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டுகிறான். மூன்று நிமிஷம் இருக்கும். நின்றது. மறுபடி மூச்சு விட்டாள், குறட்டை மாதிரி.

வேலூர் வந்து சேருவதற்குள் இன்னொரு தடவை.

ஊசி போட்டு இருட்டு அறையில் வைத்திருக்கிறார்கள். நினைவு இல்லை. பிள்ளைத் துடிப்பு கேட்கிறது, வேகமாக. வலி எடுக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 24, வெள்ளி. வேலூர்

விடிகிற நேரத்தில் பொண்ணு. மூன்றே முக்கால் ராத்தல். உடம்பு நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. டாக்டரம்மா வாயை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்து, வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முனகல் மாதிரி ஒன்று வந்தது. பஞ்சு சுற்றி, ரெண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் வைத்து மூடியிருக்கிறோம். சொட்டு சொட்டாகப் பால்.

குப்புவுக்கு ராத்திரி நாலு தடவை ஜன்னி. காலையிலிருந்து இல்லை. நினைவு மட்டும் திரும்பலை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "சாராள், நாலு வாரம் அவ முன்னால உக்காந்தியே. மூஞ்சியப் பாக்கலையா?"

பார்த்தேன் என்றேன். பார்த்தேன், பாட்டிலை நம்பினேன்.

"ஒரே வாரத்துல கலங்கல் போச்சுன்னு நீ எழுதின. நானும் படிச்சு சந்தோஷப்பட்டேன். எப்படிப் போச்சுன்னு கேக்கல. நம்ம ரெண்டு பேர் தப்பும்தான் இது" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடலை. பசியும் இல்லை.

பிப்ரவரி 25, சனி. வேலூர்

டாக்டரம்மா வேறொரு நர்சை ஆம்பூருக்கு அனுப்பி, லைனில் மீதி நாலு பேரையும் அங்கேயே நீர் பிடிக்க வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று பேர் நல்லபடி. அஞ்சலைக்கு லேசாகக் கலங்கல். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த நர்ஸ் வந்து சொன்னாள்: "நீங்க கோவிச்சுக்கினு வேலைய உட்டுட்டீங்களான்னு கேக்கறாங்க. ராஜம்மாவுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேணாம், புள்ளத்தாச்சி, மனசு ஒடஞ்சுடும்னு பேசி வச்சிருக்காங்க."

யோசித்துப் பார்க்கிறேன். பொய் சொன்னதாக அவர்கள் யாருமே நினைக்கலை. ஒருத்திக்கு வசதி இருந்தது, எல்லாருக்கும் பங்கு போட்டாள். ஒருத்தர் வீட்டு மோரை நாலு வீட்டில் ஊற்றிக்கொள்கிற மாதிரி. ஏன் நீரைப் பார்க்கிறேன் என்று நான் ஒரு நாளும் உட்கார்ந்து சொல்லலை. நல்லது, கெட்டது, நீலம், சிவப்பு, அடுத்த ஆள் வா. அவ்வளவுதான் சொன்னேன்.

சின்னப்பன் வராந்தாவிலேயே இருக்கிறான். பொண்ணைக் காட்டினேன். தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தான், ஆனாலும்.

பிள்ளை பாலைக் கக்காமல் வைத்துக்கொள்கிறது.

பிப்ரவரி 27, திங்கள். வேலூர்

குப்பு கண் விழித்தாள். மத்தியானம் ரெண்டு மணி.

முதலில் தண்ணீர் கேட்டாள். ஸ்பூனில் கொடுத்தேன். "இன்னா நர்சம்மா, விளக்கு ஏத்தலியா?" என்றாள். ஜன்னல் திரை விலகி, வெயில் அவள் கட்டில்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ஜன்னிக்கு அப்புறம் சில பேருக்கு இப்படிப் பார்வை போகும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். குப்புவிடமும் அதையே சொன்னேன். பெரும்பாலும் வந்துடும், எத்தினி நாளுன்னு எனக்குத் தெரியாது. அவள் தலையாட்டினாள்.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்துகொண்டாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "ராஜம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கெஞ்சினேன். நல்ல நீரு குடுத்தா நீங்க நல்லபடியா எழுதுவீங்க. நீங்க நல்லபடியா எழுதிட்டா இதுவாச்சும் தங்கிடும்னு நெனச்சேன்."

தப்பு உன்னுது இல்லை, என்னுது என்றேன். கண்ணில் பொறி பறக்குதுன்னு நீ சொன்னபோதே நான் கேட்டிருக்கணும் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியலை. அடுத்த அறையில் பிள்ளை அழுதது. இந்த மூன்று நாளில் கொஞ்சம் குரல் வந்திருக்கிறது அதற்கு, சின்ன மிளகாய் மாதிரி சுரீரென்று.

"யாரு கொழந்த அது?"

"உன்னுது."

"பொய் சொல்லாத நர்சம்மா." கோபமாகச் சொல்லலை. களைப்பாகச் சொன்னாள். "பரவால்ல. எனக்குப் பழக்கம்தான்."

நான் எது சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை, நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. எழுந்து போய்ப் பஞ்சுச் சுருளோடு தூக்கிக்கொண்டு வந்து அவள் மார்மேல் வைத்தேன். வைத்ததும் அழுகை நின்றது. குப்பு அசையாமல் இருந்தாள். அப்புறம் ஒரு கை மேலே வந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பஞ்சுக்குள் விட்டு ஒரு கையைப் பிடித்து, விரல் விரலாக எண்ணினாள். அஞ்சு. அடுத்த கை. அஞ்சு. ஒரு கால்.

"இன்னொரு காலு எங்க?"

பஞ்சை விலக்கிக் கொடுத்தேன்.